கேன் தண்ணீரில் பாசி வாடை: கோளாறு குழாயில் இருந்தது

கடையில் வைத்திருக்கும் கேன் தண்ணீர் டிஸ்பென்சரில் ஒரு மாதமாகப் பாசி வாடை. கேன் போடும் தம்பியைத் திட்டினேன், கேனையே வேறு இடத்தில் வாங்கிப் பார்த்தேன், போகவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் முழுவதையும் வடித்துக் குழாயைத் திருகிக் கழற்றினால், ரப்பர் வாஷரைச் சுற்றி ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி வழவழப்பு, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், சின்ன பிரஷ். தேய்த்தே ஆக வேண்டும், அந்த வழவழப்பு இருக்கும்வரை கிருமி கொல்லும் பிளீச் உள்ளே சரியாக இறங்காது. உப்புப் படிவுக்கு சிட்ரிக் ஆசிட் கரைசலில் அரை மணி நேரம். அதை நன்றாக அலசிய பிறகுதான் பிளீச். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், தயவுசெய்து கவனம். 4 லிட்டர் தண்ணீருக்கு வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 15 மில்லி, குழாய் வழியாகவும் கொஞ்சம் ஓடவிட்டு 10 நிமிடம் வைத்தேன். பிறகு வாடையே இல்லாதவரை நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசல்.

வாஷரும் புதிது. கேனைக் கவிழ்க்கும் முன் அதன் கழுத்தையும் இப்போது துடைக்கிறேன், அந்தத் தூசி தொட்டிக்குள்தானே போகிறது. அந்தத் தம்பியிடம் மறுநாளே மன்னிப்புக் கேட்டேன், மறுபடி அவரிடம்தான் வாங்குகிறேன்.