முதல் ஹாம் ரேடியோ: செட் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

"அண்ணா, சானி பாஸ் போகிறோம், நல்ல ஹாம் செட் ஒன்று சொல்லுங்கள்" என்று, லெசோத்தோவுக்கு ஏறும் அந்த மலைப்பாதைக்குக் கிளம்பும் தம்பிமார் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாரோடு பேசப் போகிறாய்?

பலரும் சறுக்குவது இங்கேதான். ஹாம் என்பது பொழுதுபோக்காகப் பேசும் அமெச்சூர் ரேடியோ. அந்த அலைவரிசையில் பேச உரிமம் வேண்டும், உங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் வண்டி ஓட்டி வரும் சித்தப்பாவுக்கும். சௌத் ஆப்பிரிக்கன் ரேடியோ லீக் மே, அக்டோபர் மாதங்களில் நடத்தும் தேர்வில் தேறி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான இகாசாவிடம் உரிமமும் அழைப்புக்குறியும் வாங்க வேண்டும். மூன்று வண்டிகள் தங்களுக்குள் "குழி இருக்கிறது, மெதுவாக வா" என்று சொல்லிக்கொள்ள மட்டும்தான் என்றால் உரிமம் தேவைப்படாத பிஎம்ஆர் 446 வாக்கி டாக்கியே போதும். மலை உச்சி ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் தொலைவுக்கு மறுபடி அனுப்பும் நிலையம்) வழியாக ஊரோடு பேச வேண்டும், போன் சிக்னல் இல்லாத இடத்தில் உதவி கூப்பிட வேண்டும் என்றால் ஹாமுக்கு வாருங்கள். தேர்வுக்குப் படிப்பதே பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

அடுத்த தவறு, 5 வாட் கையடக்க செட்டை வாங்கி வண்டிக்குள் உட்கார்ந்து பேசுவது. நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். சானி பாஸ் கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போன தம்பியின் குரல் கரகரத்து அறுந்துபோனது. கண்ணாடியை இறக்கி செட்டை வெளியே நீட்டியதும் "அண்ணா, கேக்குதா?" என்று தெளிவாக வந்தது. வண்டியின் இரும்புக்கூடு அலையை அப்படி மறைக்கிறது. அந்தச் சின்ன செட்டையே கூரை மேல் ஒரு காந்த ஆன்டெனாவோடு இணைத்தபின் வண்டிக்குள் இருந்தபடியே பேச முடிந்தது. அதனால்தான் சொல்கிறேன், 50 வாட் செட்டுக்குக் காசு சேர்க்கும் முன் நல்ல ஆன்டெனாவுக்குச் செலவழியுங்கள்.

அதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். நம் பக்கிகளில் (பிக்கப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பின்பக்கக் கேனோப்பி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அங்கே காந்தமும் ஒட்டாது, ஆன்டெனாவுக்கு அடியில் வேண்டிய உலோகத் தளமும் கிடைக்காது. கேபின் கூரையின் நடுவில் வையுங்கள். நீளமான ஆன்டெனாதான் தூரம் போகும் என்று வாங்கினால் மரக்கிளை முறித்துவிடும். அதோடு, அது அலையைத் தொடுவானத்தை நோக்கித் தட்டையாக அனுப்பும். பள்ளத்தாக்கில் நின்று மேலே இருக்கும் ரிப்பீட்டரைப் பிடிக்க, ஏறத்தாழ 50 செ.மீ. கால் அலை (அலைநீளத்தில் கால் பங்கு) ஆன்டெனாவே எனக்கு நன்றாக உதவியிருக்கிறது. பொருத்தியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரால் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) ஒரு தடவை பார்த்துவிடுங்கள், 2-க்குக் கீழே இருந்தால் சரி.

பெரிய செட் வாங்கினால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும், ஃப்யூஸ் போய்விடும். பேட்டரியிலிருந்தே தடித்த வயரை இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள். வயர் எங்காவது உராய்ந்து ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் செட்டுகள் 148 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். இங்கே நமக்கு 144 முதல் 146 வரைதான். செட் விடுகிறதே என்று அதைத் தாண்டிப் பேசக்கூடாது.

ரிப்பீட்டர் அலைவரிசை, டோன் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) எல்லாவற்றையும் வீட்டிலேயே ஏற்றி, டர்பனை விட்டுக் கிளம்பும் முன் ஒருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள். குளிரில் விரல் விறைத்திருக்கும்போது மெனுவைத் தேட முடியாது.

அப்புறம், சானி பாஸில் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடி கீழே, லெசோத்தோ சாவடி 2,876 மீட்டர் உயரத்தில். அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் அங்கே நம் உரிமத்தை வைத்துப் பேச முடியாது. உச்சிக்கு வந்ததும் நான் செட்டை அணைத்து, மைக்கைக் கழற்றி டாஷ்போர்டுக்குள் வைத்துவிடுவேன்.