விண்டோஸ் பழகின கைக்கு லினக்ஸ் மின்ட்: இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாருங்க

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை முடிச்சிட்டாங்க. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிடலாம்னு பார்த்தா டிபிஎம் 2.0-ங்கிற செக்யூரிட்டி சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனுக்கு மேல இருக்கணும்னு கண்டிஷன், அதனால ஆறாவது ஜெனரேஷன் ஐ5 போட்ட, இன்னும் நல்லா ஓடிட்டு இருக்கிற லேப்டாப் எல்லாம் வெளிய நிக்குது. இப்படி வந்து நிக்கிறவங்க நிறைய பேருக்கு யாராவது ஒருத்தர் சொல்ற பேர் லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்கு பதிலா போட்டுக்கக்கூடிய ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், அவசரப்பட்டு இன்ஸ்டால் பண்ணாதீங்க. முதல்ல பென்டிரைவ்ல போட்டு உள்ள நடமாடிப் பழகுங்க. நான் பார்த்த வரைக்கும் லினக்ஸ் போட்டுட்டு ஒரே வாரத்துல விண்டோஸுக்குத் திரும்பி ஓடுறவங்க யாரும் அது கஷ்டமா இருக்குன்னு ஓடல, டவுன்லோடு பண்ண ஃபைல் எங்க போச்சு, டி டிரைவ் எங்க, சாஃப்ட்வேர் எப்படிப் போடுறதுன்னு தெரியாம கடுப்பாகித்தான் ஓடுறாங்க. அந்த மூணும் தெரிஞ்சிட்டா பாதி முடிஞ்சுது.

ஸ்டெப் 1: பென்டிரைவ் ரெடி பண்றது

மின்ட் சைட்டுக்குப் போனா சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ-னு மூணு வகை இருக்கும். உள்ள எஞ்சின் ஒண்ணுதான், வெளித்தோற்றம்தான் வேற வேற. விண்டோஸ்ல இருந்து வர்றவங்க சின்னமன் எடுங்க. ரேம் 4 ஜிபிக்கு கீழ இருக்கிற பழைய மெஷின்னா எக்ஸ்எஃப்சிஇ. 22-ல ஆரம்பிக்கிற வெர்ஷன் எதுவா இருந்தாலும் சரி, அதுக்கெல்லாம் 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. டவுன்லோடு ஆகுறது ஐஎஸ்ஓ ஃபைல், அதாவது மொத்த சிஸ்டமும் அடங்கின ஒரே ஃபைல், கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், மொபைல் டேட்டா பார்த்துக்கோங்க.

8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு எடுத்து அதுல இருக்கிறதை வேற எங்கயாவது காப்பி பண்ணி வச்சிடுங்க, ஏன்னா எல்லாம் அழியும். விண்டோஸ்ல ஓடுற ரூஃபஸ்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, அதை டவுன்லோடு பண்ணித் திறந்து பென்டிரைவை செலக்ட் பண்ணி, ஐஎஸ்ஓவை செலக்ட் பண்ணி, ஸ்டார்ட் அடிங்க. மத்த எதையும் மாத்த வேண்டாம்.

ஸ்டெப் 2: பூட் பண்றது

இதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இதை நிறைய பேர் சொல்றதில்ல. விண்டோஸ்ல ஷட் டவுன் கொடுத்தா அது முழுசா அணையறதில்ல, அடுத்த தடவை சீக்கிரம் எழுந்திரிக்கணும்னு அரைத்தூக்கத்துல இருக்கும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு பேர். அப்படி இருக்கும்போது மின்ட்ல இருந்து உங்க விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தா படிக்க மட்டும்தான் விடும், சில நேரம் திறக்கவே திறக்காது. அதனால ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டே ஷட் டவுன் கிளிக் பண்ணுங்க, முழுசா அணையும். டிரைவைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருந்தா அந்த ரெகவரி கீயையும் முன்கூட்டியே ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்கோங்க.

அப்புறம் பென்டிரைவை சொருகிட்டு ஆன் பண்ணும்போது பூட் மெனு கீயைத் தட்டிக்கிட்டே இருங்க. டெல், லெனோவோ, ஏசர்ல பெரும்பாலும் எஃப்12, ஹெச்பில எஃப்9, ஆசஸ் லேப்டாப்ல எஸ்கேப். லிஸ்ட்ல யூஎஸ்பியை செலக்ட் பண்ணா ஒரு கருப்பு மெனு வரும், அதுல முதல் லைன்ல என்டர்.

கொஞ்ச நேரத்துல டெஸ்க்டாப் வந்திடும். இது லைவ் செஷன், அதாவது எல்லாமே பென்டிரைவ்லயும் ரேம்லயும்தான் ஓடுது, உங்க ஹார்ட் டிஸ்க்ல ஒரு எழுத்து கூட மாறல. டெஸ்க்டாப்ல இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்னு ஒரு ஐகான் இருக்கும், அதை இன்னைக்குத் தொடாதீங்க. வேகத்தையும் இப்ப எடை போடாதீங்க, பென்டிரைவ்ல இருந்து ஓடுறதால மெதுவாத்தான் இருக்கும்.

ஸ்டெப் 3: டெஸ்க்டாப்

இது ஈஸி. கீழ இடது மூலையில மெனு, கீழ வலது மூலையில வைஃபை, சவுண்ட், கடிகாரம். டாஸ்க்பாரை இங்க பேனல்னு சொல்வாங்க. விண்டோஸ் கீயைத் தட்டினா மெனு திறக்கும், அப்படியே டைப் பண்ணா தேடும். அந்தக் கீக்கு இங்க சூப்பர் கீனு பேரு.

கன்ட்ரோல் பேனலுக்கு பதிலா சிஸ்டம் செட்டிங்ஸ், டாஸ்க் மேனேஜருக்கு பதிலா சிஸ்டம் மானிட்டர், நோட்பேடுக்கு பதிலா டெக்ஸ்ட் எடிட்டர், வேர்டு எக்செல்லுக்கு பதிலா லிப்ரே ஆபீஸ். ஃபயர்ஃபாக்ஸ் ஃபயர்ஃபாக்ஸ்தான்.

ஆல்ட் டேப் அப்படியே வேலை செய்யும், சூப்பர் கீயோட அம்புக்குறி அமுக்கினா ஜன்னல் பாதி ஸ்கிரீன்ல போய் ஒட்டிக்கும். கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு அமுக்கிப் பாருங்க, நாலு டெஸ்க்டாப் தெரியும், ஒண்ணுல பிரவுசர் ஒண்ணுல ஆபீஸ் வேலைன்னு பிரிச்சு வச்சிக்கலாம். இன்னொண்ணு, எந்த எழுத்தையாவது மவுஸால செலக்ட் மட்டும் பண்ணிட்டு வேற இடத்துல மவுஸ் சக்கரத்தை ஒரு அமுக்கு அமுக்குங்க, காப்பி பேஸ்ட் கொடுக்காமலே ஒட்டிடும். இதுக்குப் பழகிட்டா விண்டோஸ்ல உட்காரும்போது கை தவிக்கும்.

வைஃபை தெரியலைனா பயப்படாதீங்க, சில வைஃபை கார்டுக்கு, முக்கியமா பிராட்காமுக்கு, டிரைவர் தனியா போடணும். இப்போதைக்கு போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, நெட் வந்திடும். மெனுல டிரைவர் மேனேஜர்னு தேடினா என்ன போடணும்னு அதுவே சொல்லும்.

ஸ்டெப் 4: ஃபைல் எல்லாம் எங்க இருக்கு

இங்க கொஞ்சம் பொறுமையா இருங்க, இதுதான் முக்கியம்.

விண்டோஸ்ல சி டிரைவ், டி டிரைவ்னு பழகியிருப்போம். அது ஏன் சி-ல ஆரம்பிக்குதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா, ஏ-யும் பி-யும் அந்தக் காலத்து ஃபிளாப்பிக்கு கொடுத்த எழுத்து, ஃபிளாப்பி போயே போச்சு, சி மட்டும் அப்படியே நிக்குது. லினக்ஸ்ல இந்த எழுத்து எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே மரம், அதோட வேர் வெறும் ஒரு சாய்கோடு, / அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ், கேமரா கார்டு எது சொருகினாலும் அந்த மரத்துல ஒரு கிளையா வந்து ஒட்டிக்கும்.

டெஸ்க்டாப்ல கம்ப்யூட்டர் ஐகானைத் திறங்க. திறக்கிற ஃபைல் மேனேஜருக்கு நீமோன்னு பேர். இடது பக்கம் ஃபைல் சிஸ்டம்னு இருக்கிறதை கிளிக் பண்ணா வேர் தெரியும், உள்ள பூட், ஈடிசி, யூஎஸ்ஆர், டெம்ப், மீடியா, ஹோம்னு வரிசையா ஃபோல்டர். பார்த்ததும் தலை சுத்தும், ஆனா உங்க வேலை இதுல ரெண்டே ரெண்டுலதான். ஹோம் ஃபோல்டருக்குள்ள உங்க பேர்ல (லைவ் செஷன்ல மின்ட்னு) ஒரு ஃபோல்டர் இருக்கும், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதுக்குள்ளதான், பிரவுசர்ல இறக்கின எதுவும் அங்கதான் போகும். மீடியா ஃபோல்டர்ல நீங்க சொருகின பென்டிரைவ் வந்து நிக்கும். மத்ததெல்லாம் சிஸ்டத்தோடது, பாஸ்வேர்டு கொடுக்காம நீங்க அழிக்கணும்னு நினைச்சாலும் விடாது. டெம்ப் ஃபோல்டர்ல மட்டும் எதையும் சேமிக்காதீங்க, அது தற்காலிக இடம், மெஷின் ரீஸ்டார்ட் ஆனா காலி ஆகலாம்.

இப்ப உங்க பழைய டி டிரைவைத் தேடுவோம். நீமோல இடது பக்கம் டிவைசஸ் கீழ பாருங்க, நீங்க பேர் வச்சிருந்தா அந்தப் பேர், இல்லைனா 250 ஜிபி வால்யூம் மாதிரி சைஸ் மட்டும் காட்டும். கிளிக் பண்ணா திறக்கும். சி டிரைவா இருந்தா உள்ள யூசர்ஸ், அதுக்குள்ள உங்க பேர், அங்கதான் உங்க போட்டோ டாக்குமென்ட் எல்லாம். இப்போதைக்குப் பார்க்க மட்டும் செய்யுங்க.

நீமோலயே கொஞ்சம் கை பழகிக்கோங்க. எஃப்3 அமுக்கினா ஜன்னல் ரெண்டா பிரியும், ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுத்துப் போட வசதி, விண்டோஸ்ல இதுக்கு ரெண்டு ஜன்னல் திறந்து மல்லுக்கட்டணும். கன்ட்ரோல் + எல் அமுக்கினா மேல பாதை எழுத்தா தெரியும், எங்க நிக்கிறோம்னு சந்தேகம் வந்தா இதை அமுக்குங்க. கன்ட்ரோல் + ஹெச் அமுக்கினா ஒளிஞ்சிருக்கிற ஃபைல் எல்லாம் வெளிய வரும், பேர் புள்ளியில ஆரம்பிச்சா அது மறைஞ்ச ஃபைல், அதுதான் இங்க விதி. பார்த்துட்டு திரும்ப அமுக்கி மறைச்சிடுங்க, உங்க செட்டிங்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு.

அப்புறம் பெரிய எழுத்து சின்ன எழுத்து. ஆங்கிலத்துல ஃபைல் பேர் வைக்கும்போது முதல் எழுத்து கேபிடலா ஒண்ணு, ஸ்மாலா ஒண்ணு வச்சா விண்டோஸ் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கும், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற ஃபைல். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருக்கேன்னு குழம்பினா இதுதான் காரணம்.

ஸ்டெப் 5: சாஃப்ட்வேர் எப்படிப் போடுறது

கூகுள்ல தேடி இஎக்ஸ்இ இறக்கி டபுள் கிளிக் பண்ற பழக்கத்தை மறந்திடுங்க. மெனுல சாஃப்ட்வேர் மேனேஜர் திறந்து விஎல்சி-னு தேடி இன்ஸ்டால் அடிங்க, போன்ல பிளே ஸ்டோர் எப்படியோ அப்படித்தான். லைவ் செஷன்லயே போட்டுப் பார்க்கலாம், ஆஃப் பண்ணா போயிடும், அவ்வளவுதான். சில ஆப் ரெண்டு வகையா இருக்கும், சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக்னு. ஃபிளாட்பேக் புது வெர்ஷனா இருக்கும் ஆனா இடம் நிறைய தின்னும், சின்ன டிஸ்க் வச்சிருக்கிறவங்க சிஸ்டம் பேக்கேஜே எடுங்க.

வெளிப்படையா ஒண்ணு சொல்லிடறேன், டாலில கணக்கு எழுதுறவங்க, போட்டோஷாப்பை நம்பி தொழில் பண்றவங்க விண்டோஸைத் தூக்கிடாதீங்க. ரெண்டுக்கும் லினக்ஸ் வெர்ஷன் கிடையாது. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டுறதுக்கு ஒயின்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா ஓடும்னு சொல்வாங்க, சிலது ஓடும், ஆனா மார்ச் மாசக் கடைசியில அதை நம்பி உட்கார வேண்டாம்.

ஸ்டெப் 6: தமிழ் டைப்பிங்

சிஸ்டம் செட்டிங்ஸ்ல கீபோர்டு, அதுல லேஅவுட்ஸ். பிளஸ் அமுக்கி தமிழ்நெட் 99 சேர்த்துக்கலாம், கீ எல்லாம் சரியான இடத்துல இருக்கும், ஆனா க ரெண்டு தடவை அடிச்சா தானா புள்ளி வந்து க்க ஆகுமே, அந்த வசதி இதுல வராது. தமிழ்99 வேகமா அடிக்கிறவங்களுக்கு அது இல்லாம எரிச்சலா இருக்கும். அதுக்கு மின்ட்டை இன்ஸ்டால் பண்ணதுக்கு அப்புறம் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) பேக்கேஜைப் போட்டு, மெனுல இன்புட் மெதட் திறந்து ஐபஸ் செலக்ட் பண்ணி, லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. ஐபஸ் பிரிஃபரன்ஸ்ல தமிழ் கீழ தமிழ்99 இருக்கும், ஆங்கில எழுத்துல அம்மான்னு அடிச்சா தமிழ்ல வர்ற ஃபொனெட்டிக்கும் இருக்கும். எது வேணுமோ சேர்த்துக்கோங்க.

ஸ்டெப் 7: டெர்மினல், கொஞ்சமா

லினக்ஸ்னாலே கருப்பு ஸ்கிரீன்ல தட்டிக்கிட்டே இருக்கணும்னு ஒரு பயம் இருக்கு. தமிழ்நாட்டு அரசு கொடுத்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் வந்துச்சே, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சிடாக் சென்னையில செஞ்சது, நிறைய பேர் அதை ஒரு தடவை கூட பூட் பண்ணாததுக்கு இந்த பயமும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். உண்மையில மின்ட்ல தினசரி வேலைக்கு டெர்மினல், அதாவது அந்தக் கருப்பு ஸ்கிரீன், தேவையே இல்ல. ஆனா ஒரு தடவை எட்டிப் பார்த்துடுங்க.

கன்ட்ரோல் + ஆல்ட் + டி (T) அமுக்கினா திறக்கும். எல் எஸ்-னு (ls) ரெண்டு எழுத்து ஸ்மால்ல அடிச்சு என்டர் தட்டினா நிக்கிற ஃபோல்டர்ல என்ன இருக்குன்னு காட்டும். சி டி (cd) அடிச்சு ஒரு இடம் விட்டு ஃபோல்டர் பேர் கொடுத்தா உள்ள போகும், பேரை முழுசா அடிக்க வேண்டாம், நாலு எழுத்து அடிச்சு டேப் தட்டினா மிச்சத்தை அதுவே போட்டுக்கும். சி டி, இடம், ரெண்டு புள்ளி அடிச்சா ஒரு படி வெளிய வரும். முன்னாடி அடிச்ச கமாண்டு வேணும்னா மேல் அம்பு.

இங்க காப்பி பண்ண கன்ட்ரோல் + ஷிஃப்ட் + சி. வெறும் கன்ட்ரோல் + சி அமுக்கினா ஓடிட்டு இருக்கிற வேலையை நிறுத்திடும். பாஸ்வேர்டு கேக்கும்போது ஸ்டார் எதுவும் தெரியலைனாலும் டைப் ஆகிட்டுத்தான் இருக்கு, அடிச்சு முடிச்சு என்டர் தட்டுங்க. சூடோன்னு (sudo) ஆரம்பிக்கிற கமாண்டு எங்கயாவது கண்ணுல பட்டா அது என்ன பண்ணும்னு தெரியாம ஒட்டாதீங்க, அந்த ஒரு வார்த்தைக்கு சிஸ்டத்துல எதை வேணா அழிக்கிற அதிகாரம் உண்டு.

இன்ஸ்டால் பண்ண பிறகு முதல் வேலையா டைம்ஷிஃப்ட் திறந்து ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிடுங்க, ஏதாவது சொதப்பினா பழைய நிலைக்குக் கொண்டு வரலாம். அது சிஸ்டத்தை மட்டும்தான் காப்பாத்தும், உங்க ஹோம் ஃபோல்டரை வழக்கமா சேர்க்காது, போட்டோவுக்கெல்லாம் தனியா பேக்கப் எடுத்தே ஆகணும்.

ஸ்டெப் 8: வெளிய வர்றது

மெனுல கீழ இருக்கிற பவர் பட்டன்ல ஷட் டவுன். பென்டிரைவை எடுத்துட்டு என்டர் தட்டச் சொல்லி ஒரு மெசேஜ் வரும், அப்படியே பண்ணுங்க. திரும்ப ஆன் பண்ணா உங்க விண்டோஸ் பழையபடி வரும். கடிகாரம் மட்டும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டினா வைரஸ்னு நினைக்காதீங்க, மெஷினுக்குள்ள இருக்கிற கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துல வைக்கும், விண்டோஸ் அதை இந்திய நேரம்னு நினைச்சுப் படிக்கும், அந்த வித்தியாசம்தான். விண்டோஸ்ல டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ் போய் சிங்க் நவ் ஒரு தடவை அமுக்குங்க, சரியாயிடும்.