மழைநீரோடு போகும் பாஸ்பரஸ் எத்தனை கிலோ? எக்செல்லிலேயே கணக்கிடலாம்

புல்வெளிக்குப் போட்ட உரம், நாய்க் கழிவு, உதிர்ந்த இலை, வண்டிப் புகையிலிருந்து தரையில் படியும் நைட்ரஜன் என எல்லாவற்றையும் மழை கழுவி வடிகாலில் சேர்க்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இப்படிச் சேரும் பாஸ்பரஸ், நைட்ரஜன் சத்துகள் பாசியைப் பெருக்குகின்றன. பாசி செத்து மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. இதில் பெரும்பங்கு விவசாய நிலங்களுடையது. நகரங்களின் பங்கும் சின்னதல்ல.

அந்தப் பங்கைக் கணக்கிட 1987-ல் வாஷிங்டன் வட்டாரத்துக்காக டாம் ஷூலர் தந்த முறையின் பெயரே ‘சிம்பிள் மெத்தட்’. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1. கூரை, சாலை, சிமென்ட் தரை என நீர் இறங்காத பரப்பைச் சாட்டிலைட் படத்தில் அளந்துகொள்ளுங்கள். 10 ஹெக்டேர் குடியிருப்பில் அது 40% என்று வைத்துக்கொள்வோம்.

படி 2. ஓடுநீர்க் கெழு, அதாவது பெய்த மழையில் ஓடிப்போகும் பங்கு = 0.05 + (0.9 × 0.40) = 0.41.

படி 3. வாஷிங்டனில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மிமீ. சிறு தூறல்கள் ஓடாமலே காய்ந்துவிடும் என்பதால் 0.9-ஆல் பெருக்குகிறோம். 1,000 × 0.9 × 0.41 = 369 மிமீ. ஒரு ஹெக்டேரில் 1 மிமீ என்பது 10 கன மீட்டர். ஆக, 10 ஹெக்டேரிலும் ஓடும் நீர் 36,900 கன மீட்டர்.

படி 4. இதைச் செறிவால், அதாவது அந்த நீரில் கலந்திருக்கும் சத்தின் அளவால் பெருக்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றாலும் கன மீட்டருக்கு ஒரு கிராம் என்றாலும் ஒன்றுதான். பாஸ்பரஸ் 0.3 மில்லிகிராம் என்று எடுத்தால் ஆண்டுக்கு 11 கிலோ. நைட்ரஜன் 2 மில்லிகிராம் என்றால் 74 கிலோ.

சரி, அந்த 0.3 எங்கிருந்து வந்தது? கணக்கின் பலவீனமான இடம் இதுதான். செறிவு மழைக்கு மழை மாறும். ஒரே மழையிலும் முதலில் ஓடிவரும் நீர் பெரும்பாலும் அழுக்கு அதிகமாக இருக்கும். அதை மட்டும் பிடித்து அளந்தால் விடை எகிறிவிடும். மழை தொடங்கியதிலிருந்து ஓட்டம் நிற்கும்வரை, ஓட்டத்தின் அளவுக்கேற்ப மாதிரி எடுத்துக் கிடைக்கும் சராசரிதான் வேண்டும். உள்ளூர் அளவீடு இல்லையா? 0.2, 0.4 இரண்டையும் போட்டுப் பாருங்கள்: பாஸ்பரஸ் 7.4 கிலோவிலிருந்து 14.8 கிலோவரை வரும். அறிக்கையில் ஒற்றை எண்ணைவிட இந்த வீச்சையே எழுதுவேன்.

மழையில்லாத நாட்களில் ஓடும் நீர் இதில் சேராது. கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் போகும் இடங்களுக்கும் இது பொருந்தாது. பழைய வாஷிங்டனிலேயே அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு.

மழைவாரியாகப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது அழுக்கு படியும் வேகம், கழுவப்படும் வேகம் என்று இன்னும் பல எண்களைக் கேட்கும். அளந்த தரவு கையில் இல்லாதவர்கள் இப்போதைக்கு எக்செல்லிலேயே இருக்கலாம்.