யூதர்களைக் காப்பாற்றியவர்கள் பற்றிய ஃபார்வர்டைச் சரிபார்ப்பது எப்படி?

இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் நாஜி ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்திருந்தபோது, அந்நாட்டு மன்னர் பத்தாம் கிறிஸ்டியன், யூதர்களை அடையாளம் காட்ட நாஜிகள் அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை அவர்களுக்கு ஆதரவாகத் தானும் அணிந்து குதிரையில் வலம் வந்தார் என்ற கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்த மாதிரி ஒன்று வந்தால் முதலில் அந்த நாட்டில் அந்த நேரத்தில் என்ன சட்டம் இருந்தது என்று பாருங்கள். டென்மார்க்கில் யூதர்கள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஆணையே போடப்படவில்லை, இந்தக் கதை அங்கேயே விழுந்துவிடும்.

அதோடு நிறுத்தாமல் உண்மையில் என்ன நடந்தது என்றும் தேடுங்கள், ஏனென்றால் அது கதையைவிடப் பெரியது. 1943 செப்டம்பர் கடைசியில், நாஜிகள் யூதர்களைப் பிடிக்கப்போகிறார்கள் என்ற தகவலை டக்விட்ஸ் என்ற ஜெர்மன் அதிகாரியே டென்மார்க் அரசியல்வாதிகளிடம் சொன்னார், ரப்பி (யூத மதகுரு) மெல்கியோர் யூத ஜெப ஆலயத்தில் எல்லோரையும் எச்சரித்தார், அப்புறம் சில வாரங்களில் சுமார் 7,200 யூதர்கள் மீன்பிடிப் படகுகளில், போரில் சேராத ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்கள். சில படகுக்காரர்கள் நிறையப் பணம் வாங்கினார்கள், கில்லெலெய் ஊரில் தேவாலயப் பரணில் ஒளிந்திருந்த சுமார் 80 பேர் பிடிபட்டார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பெயர் இருந்தால் ஜெருசலேமில் உள்ள, யூத இனப்படுகொலை நினைவு நிறுவனமான யாட் வஷெமின் இணையதளத்தில் தேடலாம். உயிரைப் பணயம் வைத்து, அதற்குக் கூலி கேட்காமல் காப்பாற்றிய யூதரல்லாதவர்களை, பெரும்பாலும் பிழைத்தவர்களின் சாட்சியத்தை வைத்து, 1963 முதல் அங்கே அங்கீகரிக்கிறார்கள். இதுவரை 28,000 பேருக்கு மேல். பெயர் இல்லையென்றால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள், நாஜிகளை எதிர்த்த டென்மார்க் தலைமறைவு இயக்கத்தினர் தங்களைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே குழுவாகப் பதியச் சொன்னார்கள்.

எண்ணிக்கையில் கவனம் தேவை. 1940-ல் லிதுவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா யூதர்கள் தப்பிப்போகக் கொடுத்தது 2,100-க்கும் மேற்பட்ட விசாக்கள், ஆனால் ஒரே விசாவில் குடும்பமே போக முடிந்ததால் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் மாறும்.

கடைசியாக, ஹிட்லரோடுதான் எல்லாம் தொடங்கியது என்பது போல எழுதியிருந்தால் அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள். கொள்ளைநோய்க் காலத்தில், 1348-49-ல், கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழி சுமத்தி யூதர்களை உயிரோடு எரித்தார்கள், 1290-ல் இங்கிலாந்தும் 1492-ல் ஸ்பெயினும் அவர்களை விரட்டின. நூற்றாண்டுகளாகப் பக்கத்து வீட்டுக்காரர்களை நம்பவைத்த அந்தப் பொய்களைச் சொல்லாமல் விட்டால், கதவைத் திறந்தவர் எதை எதிர்த்துத் திறந்தார் என்பதே படிப்பவருக்குப் புரியாது.