விக்டோரியா காலத்து வாழ்க்கையை பத்தி ப்ராஜெக்ட் பண்றீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

"விக்டோரியா காலத்துல மக்கள் இப்படித்தான் வாழ்ந்தாங்க"ன்னு எந்த அசைன்மென்ட்ல பார்த்தாலும் எனக்கு உடனே கேக்கத் தோணுறது மூணு கேள்விதான். எந்த வருஷம், எந்த ஊரு, வாரத்துக்கு எவ்ளோ சம்பளம் வாங்குன குடும்பம்? இந்த மூணும் இல்லாம எழுதுனா பாதி தப்பாத்தான் வரும்.

பிரிட்டன் ராணி விக்டோரியா 1837 ஜூன்ல பட்டத்துக்கு வந்தாங்க, 1901 ஜனவரில இறந்தாங்க. 63 வருஷத்துக்கு மேல. ஆரம்பத்துல லண்டன்ல இருந்து பர்மிங்ஹாமுக்கு முழுசா ரயில் கூட ஓடல, அது 1838ல தான் வந்துச்சு, லெட்டர் வந்தா பெரும்பாலும் வாங்குறவங்க தான் தூரத்துக்கு ஏத்த மாதிரி காசு கொடுக்கணும், 1840ல தான் ஒரு பென்னிக்கு நாட்டுக்குள்ள எங்க வேணாலும் லெட்டர் போடலாம்னு ஆச்சு. அதே ராணியோட கடைசி பத்து வருஷத்துல லண்டன்ல பூமிக்கு அடியில கரண்ட்ல ட்ரெயின் ஓடிட்டு இருந்துச்சு. இது ரெண்டையும் ஒரே பாராவுல கலந்து கட்டி "அன்றாட வாழ்க்கை"ன்னு போடுறது தான் மொத தப்பு, எல்லாரும் பண்றதும் இதுதான்.

சின்ன பசங்க சுரங்கத்துல முட்டிபோட்டு நிலக்கரி வண்டி இழுக்குற படத்தை எல்லா பிபிடிலயும் போடுறாங்க. அந்த படங்கள் 1842 விசாரணை அறிக்கைக்காக வரைஞ்சது. அதை பார்த்து நாடே கொந்தளிச்சு அந்த வருஷமே சட்டம் வந்துருச்சு, பொம்பளைங்க, பொண்ணுங்க, 10 வயசுக்கு கீழ உள்ள பையன்க யாரும் சுரங்கத்துக்குள்ள வேலை செய்யக்கூடாதுன்னு. 1870ல பள்ளிக்கூட சட்டம், 1880ல 5ல இருந்து 10 வயசு வரை கட்டாயம், 1891ல அனேகமா எல்லா ஆரம்பப் பள்ளியிலயும் ஃபீஸ் இல்லாமயே படிக்கலாம். இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்கு, ஸ்காட்லாந்துக்கு 1872ல தனி சட்டம். அதுக்காக 1895ல பசங்க எல்லாம் ஜாலியா படிச்சாங்கன்னு அந்தப் பக்கமும் சாஞ்சிடாதீங்க, லங்காஷயர் பஞ்சாலை ஊர்கள்ல பாதி நாள் மில்லு பாதி நாள் பள்ளிக்கூடம்னு பசங்க போயிட்டு தான் இருந்தாங்க, மதியம் கிளாஸ்ல தூங்கி விழுவாங்க. அப்புறம் வேலை பார்த்த பசங்கள்ல நிறைய பேர் மில்லுலயோ சுரங்கத்துலயோ இல்ல, வயல்ல பறவை விரட்டுறது, அடுத்தவங்க வீட்டுல வேலை செய்றதுன்னு இருந்தாங்க. அதுக்கு படம் கம்மி, அதனால யாரும் எழுதறதும் இல்ல.

டிக்கன்ஸ் நாவலை அப்படியே ஆதாரமா வைக்கிறதுலயும் இதே சிக்கல் தான். அவர் அப்பா கடனுக்காக ஜெயிலுக்கு போனது, இவர் 12 வயசுல ஷூ பாலிஷ் ஃபேக்டரில லேபிள் ஒட்டுனது எல்லாம் 1824ல, அப்ப விக்டோரியாவுக்கே 5 வயசு கூட முடிஞ்சிருக்காது. அவர் எழுதுனதுல நிறைய இடத்துல முந்தின ஆட்சியோட வாசம் தான் அடிக்கும். படிங்க, கண்டிப்பா படிங்க, ஆனா கதை எந்த வருஷத்துல நடக்குதுன்னு பார்த்துட்டு படிங்க.

இப்ப எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம். "அப்போ சராசரி ஆயுள் 40, அதனால 40 வயசுலயே கிழவனாகி செத்துடுவாங்க." இல்லங்க! அந்த 40ங்கிறது பொறக்கும்போது கணக்கு போட்ட ஆயுள். பொறந்த 1000 குழந்தைல சுமார் 150 ஒரு வயசுக்குள்ள போயிடும், அந்த காலம் முடியுற வரைக்கும் இந்த நம்பர் பெருசா இறங்கவே இல்ல. அந்த பிஞ்சு சாவு எல்லாம் சேர்ந்து தான் சராசரியை கீழ இழுக்குது. 20 வயசை தாண்டுன ஆளு 60 வரைக்கும் வாழ நல்ல சான்ஸ் இருந்துச்சு. நிறைய குடும்பங்கள்ல தாத்தா பாட்டியும் இருந்தாங்க, மண்ணுல வச்ச குழந்தையும் இருந்துச்சு, ரெண்டையும் சேர்த்து யோசிச்சா தான் அந்த குடும்பம் புரியும்.

இன்னொன்னு, 1842ல சாட்விக்ங்கற சுகாதார சீர்திருத்தவாதி கொடுத்த அறிக்கைல ஒரு கணக்கு வரும். மான்செஸ்டர்ல கூலிக்காரங்க குடும்பங்கள்ல சாகுறப்ப சராசரி வயசு 17, வசதியானவங்களுக்கு 38. ரட்லாந்துன்னு ஒரு கிராமத்து மாவட்டத்துல கூலிக்காரங்களுக்கு 38, வசதியானவங்களுக்கு 52. நல்லா பாருங்க, மான்செஸ்டர் பணக்காரருக்கும் கிராமத்து கூலிக்காரருக்கும் ஒரே நம்பர். எந்த ஊருங்கிற கேள்வி ஏன் முக்கியம்னு இதைவிட யாரும் சொல்ல முடியாது. இதுலயும் ஒரு குழி இருக்கு, 17ங்கிறது ஆயுள் எதிர்பார்ப்பு இல்ல, செத்தவங்களோட சராசரி வயசு மட்டும் தான், மான்செஸ்டர் மாதிரி வேகமா வளர்ந்த, குழந்தைங்க அதிகமா இருந்த ஊருல அது இன்னும் கீழ போகும். அதனால "மான்செஸ்டர் தொழிலாளி 17 வயசு தான் வாழ்ந்தான்"னு எழுதிடாதீங்க.

வேலைக்காரங்க விஷயம். சீரியல்ல பட்லர், சமையல்காரம்மா, பத்து பேர் வரிசையா நிக்கிறத பார்த்துட்டு அதுதான் வீட்டு வேலைன்னு நினைச்சுக்குறாங்க. 1851 சென்சஸ்ல பிரிட்டன்ல சுமார் 10 லட்சம் பேர் வீட்டு வேலையில இருந்தாங்க, அதுல நிறைய பேர் சாதாரண கடைக்காரர், கிளார்க் வீட்டுல ஒண்டியா வேலை பார்த்த பொண்ணுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு சாம்பல் அள்ளி, தண்ணி தூக்கி, படி தேச்சு, சமைச்சு, குழந்தையை பார்த்துன்னு எல்லாமே ஒரே ஆள். பேச துணை கூட கிடையாது. இவங்க கதை தான் அன்றாட வாழ்க்கை, மாளிகை இல்ல.

சென்சஸ்னு சொன்னதும் இன்னொரு தப்பு ஞாபகம் வருது. 1841 சென்சஸ்ல 15 வயசுக்கு மேல உள்ளவங்க வயசை பெரும்பாலும் 5, 5ஆ கீழ இறக்கி எழுதிட்டாங்க, 34 வயசுக்காரர் 30னு இருப்பார். வீட்டுல யார் யாருக்கு என்ன உறவுன்னு 1851ல இருந்து தான் போட்டாங்க. பொம்பளைங்களுக்கு வேலைங்கற கட்டம் காலியா இருந்தா "வேலை இல்ல"ன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க, வீட்டுல துணி தச்சது, துவைச்சு கொடுத்தது, வாடகைக்கு ஆள் தங்க வச்சது எல்லாம் பல இடத்துல பதிவே ஆகல.

காசு கணக்குல தடுமாறாதவங்களே இல்ல. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஒரு ஷில்லிங்கை இன்னைக்கு ரூபாய்க்கு மாத்தி போடறது வேஸ்ட், அதை அப்ப வாங்குன சம்பளத்தோட வச்சு பாருங்க. 1850 வாக்குல வடக்கு இங்கிலாந்து விவசாயக் கூலிக்கு வாரம் சுமார் 11 ஷில்லிங் 6 பென்ஸ், தெற்குல 8 ஷில்லிங் 5 பென்ஸ் தான். ஒரே வேலை, ஒரே நாடு, பக்கத்துல ஃபேக்டரி இருக்கற ஊருல சம்பளம் கூட.

சில கட்டுக்கதைகளை மொத்தமா தூக்கிடுங்க. பியானோ கால் தெரியக்கூடாதுன்னு துணி சுத்துனாங்கங்கிறது 1839ல ஒரு ஆங்கிலேயர் அமெரிக்காக்காரங்களை கிண்டல் பண்ணி எழுதுனது, அது எப்படியோ விக்டோரியா மக்கள் தலையிலயே வந்து விழுந்துருச்சு. பழைய போட்டோல ஸ்டாண்டு தெரிஞ்சா அது பிணம்னு சொல்றதும் தப்பு, உயிரோட இருக்கறவங்க ஆடாம நிக்கத்தான் ஸ்டாண்டு, அது ஒரு உடம்போட எடையை தாங்காது. பொண்ணுங்களுக்கு 14ல கல்யாணம்ங்கறதும் கிடையாது, சராசரி 25 வாக்குல தான்.

அந்த காலத்து ஆளுங்களை முட்டாளாக்குற பழக்கம் இன்னும் மோசம். 1858 கோடைல தேம்ஸ் நாத்தம் தாங்காம பார்லிமென்ட்டே திணறுச்சு, உடனே பாஸல்ஜெட்ங்கற இன்ஜினியர் தலைமைல பெரிய பாதாள சாக்கடைக்கு பணம் ஒதுக்குனாங்க. கெட்ட நாத்தம் தான் நோய்க்கு காரணம்னு நம்பித்தான் பலரும் ஆதரிச்சாங்க. ஜான் ஸ்னோங்கற டாக்டர் 1854லயே லண்டன் பிராட் ஸ்ட்ரீட்ல இருந்த தண்ணி பம்பை காட்டி காலராவுக்கு தண்ணி தான் காரணம்னு சொல்லியும் நிறைய டாக்டருங்க ஏத்துக்கல. அவங்க நம்புன காரணம் தப்பு, ஆனா கட்டுன சாக்கடை வேலை செஞ்சுச்சு, 1866ல காலரா திரும்ப வந்தப்ப வேலை முடியாத கிழக்கு லண்டன்ல தான் பயங்கரமா அடிச்சுச்சு. கையில இருந்த அறிவை வச்சு அவங்க என்ன முடிவு எடுத்தாங்கன்னு பாருங்க, அப்ப தான் சுவாரஸ்யமே.

கடைசியா, லண்டனோட நிறுத்திக்காதீங்க. 1845ல இருந்து அயர்லாந்து பஞ்சத்துல சுமார் 10 லட்சம் பேர் செத்ததும் இதே ராணி ஆட்சில தான். 1877 ஜனவரி 1ல டெல்லில அவங்களை இந்தியாவோட பேரரசின்னு அறிவிச்சு தர்பார் நடத்துனப்ப மெட்ராஸ் மாகாணத்துல ஜனங்க பஞ்சத்துல செத்துட்டு இருந்தாங்க. அப்புறம் பிரிட்டன் வீடுகள்ல குடிச்ச டீ. 1869ல இருந்து இலங்கைல காபி செடிக்கு நோய் வந்து தோட்டமெல்லாம் டீக்கு மாறுச்சு, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை பக்கத்துல இருந்து போன நம்ம ஜனங்க தான் பறிச்சாங்க, 1880கள் முடியறப்ப பிரிட்டன்ல இந்திய, இலங்கை டீ சீன டீயை முந்திடுச்சு. தொழிலாளி வீட்டு சாயங்கால டீயை பத்தி எழுதுறப்பவே இதையும் அந்த சாப்டர்லயே எழுதுங்க, "பேரரசு"ன்னு கடைசில தனியா ஒரு பக்கத்துல ஒதுக்காதீங்க.