கிளைடரில் லோட்டெலியே இணைப்பைப் பூட்டும் முறை

சிங்கப்பூரிலிருந்து லீவில் ஆஸ்திரேலியா போய்ப் பழைய கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஓட்டுபவர்கள், இறக்கையை மாட்டியதும் எய்லெரான் (கிளைடரைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்), ஏர்பிரேக் (இறங்க உதவும் இறக்கைத் தகடு) தண்டுகளின் லோட்டெலியே இணைப்பைப் பாருங்கள். இது உலோகக் குண்டும் கிண்ணமும் சேர்ந்து, ஓர் ஆப்பால் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. குண்டின் மேல் கிண்ணம் உட்கார்ந்து, ஆப்பு முழுசாக ஏறினால்தான் அதிலுள்ள சிறு துளை வெளியே தெரியும். அதில் பாதுகாப்பு ஊசியைச் செருகுங்கள். துளை தெரியவில்லையா? ஊசியைத் திணிக்கவே கூடாது. கழற்றி, அழுக்கைத் துடைத்து, லேசாக கிரீஸ் பூசி மறுபடி மாட்டுங்கள். இணைப்பு சரியாகப் பூட்டாமல் பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் ஊசியோ, ஆப்பை நகரவிடாத காப்பு உறையோ கட்டாயமானது.

பிறகு ஒருவர் எய்லெரானைக் கையால் தடுத்துப் பிடிக்க, இன்னொருவர் விமானி பிடிக்கும் ஸ்டிக்கை இருபுறமும் தள்ள வேண்டும். ஏர்பிரேக்குக்கும் இதே சோதனைதான். இணைப்பில் ஆட்டம் தெரிந்தால் அது தேய்மானம். இன்ஜினியர் பார்க்கும்வரை பறக்காதீர்கள்.