200 எம்பி படம், 2 ஜிபி போன்

"தங்கச்சி, படத்தத் தொட்டா ஆப் வெளிய போயிருது."

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் போனில் சொன்னது இது. பழைய வீட்டு வளவில் நாலு கல் உடைந்திருக்கும். அதே பூவில், அதே நிறத்தில் வேண்டுமென்று தரையைப் படமெடுத்து அனுப்புவார்கள். படத்தைப் பெரிதாக்கி, இதழின் ஓரக்கோடு எவ்வளவு தடிமன், பச்சை எந்தப் பச்சை என்று பார்த்த பிறகுதான் கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்டை ஊற்றுவார்கள். அதற்காகக் காரைக்குடியில் இருந்து நான் எழுதிய ஆண்ட்ராய்டு ஆப் அவருடைய 2 ஜிபி மெமரி (ரேம்) போனில் நிற்கவே இல்லை.

கோப்பைப் பார்த்தால் 9 எம்பிதான். அதை நம்பியதுதான் என் தப்பு. போன் படத்தைச் சேமிக்கும் ஜேபெக் கோப்பு என்பது சுருக்கி மடித்த புடவை. திரையில் காட்ட முழுக்கப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதுதான் டீகோட், பிரித்து மெமரியில் வைத்த படம்தான் பிட்மேப். 50 மெகாபிக்சல் படம் 8160 × 6120. ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் கிட்டத்தட்ட 200 எம்பி. ஆண்ட்ராய்டு 8-இலிருந்து இந்தப் பிக்சல்கள் ஆப்புக்கென்று வரம்பு போட்ட ஜாவா ஹீப்பில் இல்லை, அதற்கு வெளியே நேட்டிவ் மெமரியில் இருக்கின்றன. அதனால் 'அவுட் ஆஃப் மெமரி' பிழை வராமலேயே சிஸ்டம் ஆப்பை மூடிவிடலாம். என் கிராஷ் பதிவில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஆப்பின் அமைப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில், ஜாவா ஹீப்பைப் பெரிதாக்கும் 'லார்ஜ் ஹீப்' போட்டுப் பார்த்தேன், பயனில்லை. மெமரி தாராளமாக உள்ள போனிலும் தப்ப முடியாது: இவ்வளவு பெரிய பிட்மேப்பை வரையச் சொன்னால், திரையில் வரையும் கேன்வாஸே பல போன்களில் மறுத்துவிடும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? படத்தைத் திறக்கும் முன்பே, திரைக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் டீகோட் அமைப்புகளில் 'இன் ஜஸ்ட் டீகோட் பவுண்ட்ஸ்' என்பதை ட்ரூ ஆக்கி டீகோட் செய்யுங்கள். படம் மெமரிக்கு வராது, அகல உயரம் மட்டும் கிடைக்கும். அடுத்து, அகலத்தையும் உயரத்தையும் எத்தனையால் வகுத்துச் சுருக்குவது என்று சொல்லும் 'இன் சாம்பிள் சைஸ்'. இது 2, 4, 8 என்று இரண்டின் அடுக்காகத்தான் வேலை செய்யும். 5 கொடுத்தால் 4 ஆகக் குறைத்துக்கொள்ளும். அண்ணன் போனின் திரை 1080 பிக்சல் அகலம். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தின் அகலம் 6120. நாலால் வகுத்தால் 1530, போதும். எட்டால் வகுத்தால் 765, மங்கிவிடும். ஆக 4. இப்போது அதே படம் 12.5 எம்பி. பட்டியலில் மூன்று மூன்றாகக் காட்டும் சின்னப் படங்களுக்கு 16 கொடுத்தேன், ஒன்று ஒரு எம்பிகூட வரவில்லை.

இங்கே நான் அரைநாள் தொலைத்த இடம் ஒன்று உண்டு. அளவு பார்க்க, கோப்பை வரிசையாகப் படிக்கும் ஓர் இன்புட் ஸ்ட்ரீமைத் திறந்து, அதையே இரண்டாவது டீகோடுக்கும் கொடுத்தேன், படத்துக்குப் பதில் வெறுமை ('நல்') வந்தது. முதல் முறையிலேயே ஸ்ட்ரீம் படிக்கப்பட்டு நகர்ந்துவிடுகிறது. படத்தின் முகவரியான யூரியிலிருந்து (URI) புதிதாகத் திறந்து கொடுங்கள்.

படத்தைத் திருப்புவதையும் சுருக்கிய பிறகே செய்யுங்கள். திருப்பும்போது இன்னொரு பிட்மேப் உருவாகும். முழு அளவில் செய்தால் இரண்டு 200 எம்பி ஒரே நேரத்தில் நிற்கும்.

ஆனால் சுருக்கிய படத்தில் அண்ணனுக்கு ஓரக்கோடு தெரியாதே? அதற்குத்தான் 'பிட்மேப் ரீஜன் டீகோடர்'. அவர் விரலால் விரித்த இடத்தை மட்டும், மூலப் படத்தின் அளவிலேயே பிரித்துக் கொடுக்கும். 1080 × 1080 துண்டுக்கு 4.7 எம்பிதான். டீகோடரை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விரலசைவுக்கும் புதிதாக உருவாக்கினால் திக்கும். டீகோட் வேலை, திரை உறையாமல் இருக்க, பின்னணித் த்ரெட்டில் நடக்கட்டும். இதை முழுக்கக் கையால் எழுத வேண்டாம் என்றால் 'சப்சாம்ப்ளிங் ஸ்கேல் இமேஜ் வியூ' என்ற லைப்ரரி இருக்கிறது. பட்டியலுக்குப் படம் ஏற்றும் லைப்ரரிகளான க்ளைடோ காயிலோ போதும்.

'ஆர்ஜிபி 565' என்ற நிற வடிவத்தைப் போட்டால் மெமரி பாதியாகும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஒரு பிக்சலுக்கு 2 பைட். ஆனால் மொத்தமே 65,536 நிறங்கள். நிறம் பார்த்துக் கல் ஊற்றுகிறவரிடம் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சின்னப் படங்களுக்கு மட்டும் வைத்தேன்.

ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு யூரியை அனுப்புங்கள், பிட்மேப்பை அல்ல. சர்வருக்கு ஏற்றும்போது டீகோடே வேண்டாம், கோப்பை ஸ்ட்ரீமாக அப்படியே அனுப்பலாம்.

அப்புறம், அளந்து பாருங்கள். போனைக் கணினியோடு இணைத்து, கணினியில் 'ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ' (adb shell dumpsys meminfo) என்று அடித்து ஆப்பின் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் 'நேட்டிவ் ஹீப்' வரியில் எண் தெரியும். இருபது படம் திறந்து மூடிவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால், மூடிய திரையை ஏதோ ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். என் ஆப்பில் அது, திரை மூடினாலும் அழியாத ஒரு ஸ்டாடிக் வேரியபிள்.

இதை என் புது போனில் சோதித்து நிறுத்தவில்லை. பட்டறைக்கே போய், அண்ணனின் போனை வாங்கி, கற்கள் ஊறும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து இருபது படத்தையும் திறந்து பார்த்தேன்.